நிறம் மாற்றும் கலை



மன்னார்த் தீவின் மணற்பாங்கான நிலங்களில் முற்காலத்தில் சாயவேர் தோண்டினர். ஒல்லாந்தர் ஆட்சியில் அஃது கொம்பனியின் தனியுரிமைப் பொருள். தோண்டியவர் அதனைக் கொம்பனிக்கே கொடுத்தல் வேண்டும். படிகாரம் ஊட்டிய பருத்தித் துணியை அவ்வேருடன் காய்ச்சினால் எளிதில் வெளிறாத சிவப்பு ஏறும். சோழமண்டலக் கரையின் சாயத் தொழிலாளர், நீலம் படலாகாத இடங்களை மெழுகால் மூடிய பின்னரே துணியை அவுரித் தொட்டியில் தோய்த்தனர். மாற்றலாகாததை முதலில் காப்பது அவர் கண்ட உபாயம். இன்று கணினியில் படம் திருத்துவோர் கையாளுவதும் அதுவே. மெழுகு மாத்திரம் எண்ணாகிவிட்டது. அது எவ்வாறு எண்ணாயிற்று என்பதே இன்றைய பேச்சு.

இடையிலே வந்தது திரைப்படம். ஒருவரே இருவேடம் தாங்கும் காட்சியில், கமெராவின் ஒரு பாதியைக் கறுப்பு அட்டையால் மறைத்து ஒரு முறையும், பிலிமைப் பின்னோக்கிச் சுற்றி மறுபாதியை மறைத்து இன்னொரு முறையும் படம் பிடித்தனர். 1940இல், மைசூர்ச் சிறுவன் சாபு நடித்த 'பாக்தாத் திருடன்' என்னும் ஆங்கிலப் படத்திலே, லோரன்ஸ் பட்லர் என்பவர் நடிகரை நீலத் திரைக்கு முன் நிறுத்தி, பின்னர் அந்நீலத்தை நீக்கி வேறு காட்சியைப் பொருத்தினார். ஆயினும் மயிரிழை, புகை, கண்ணாடி ஆகியவற்றின் ஓரங்களில் நீலச் சாயல் தங்கிவிடுவது பெருந்தொல்லையாயிற்று.

கணினிப் படம் சிறு புள்ளிகளால் ஆயது. புள்ளி ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள். ஒவ்வொன்றும் பெரும்பாலும் 0 முதல் 255 வரை. 1977இல் நியூயோர்க் தொழில்நுட்ப நிறுவனத்தில் அல்வி ரே சிமித், எட் கற்மல் என்னும் இருவர் நான்காவது எண்ணொன்றைச் சேர்த்து, அதற்கு 'அல்பா' என்ற கிரேக்க எழுத்தைப் பெயராக இட்டனர். அவ்வெண் 0 ஆயின் புள்ளி முற்றும் ஒளிபுகவிடும்; 255 ஆயின் முற்றும் மறைக்கும். 64 ஆயின், மேற்படத்தின் நிறம் ஏறக்குறையக் காற்பங்கும் கீழ்ப்படத்தின் நிறம் முக்காற்பங்கும் கலந்து தோன்றும். மயிரிழை மெழுகுக்கு அடங்கவில்லை. இக்காற்பங்குக் கணக்குக்கு அடங்கிற்று.

மறுவருடம் சிமித், நிறத்தைச் சாயல், செறிவு, ஒளிர்வு எனப் பிரித்துக் கணிக்கும் முறையொன்றை வெளியிட்டார். சாயலை மாத்திரம் திருப்பினால் சிவப்புச் சேலை பச்சையாகும். மடிப்பின் நிழல் நின்றபடி நிற்கும். 1990இல் நோல் சகோதரரின் போட்டோஷொப்பும், 1996இல் பேர்க்கிலி மாணவர் இருவர் ஆக்கிய ஜிம்ப்பும் வெளிவந்தன. பின்னையது விலையின்றிக் கிடைப்பது. நம் பாடசாலைகளுக்கு ஏற்றது. ஒன்று சொல்லிவைக்கலாம்: வெட்டியெடுத்த உருவை ஜேபெக் வடிவிற் சேமித்தால் நான்காம் எண் தொலைந்து, பின்னே வெள்ளைச் சுவர் வந்து நிற்கும். பிஎன்ஜி வடிவு அதனைக் காக்கும். பாடசாலைச் சின்னத்தைப் பதாகையில் அச்சிட்டுப் பார்த்தவர்கள் இதனை அறிவர்.

உயிலங்குளத்திலும் அயலூர்களிலும் இந்நான்காம் எண்ணுக்கு வேறொரு வேலை உண்டு. போரில் இடம்பெயர்ந்த குடும்பங்கள் பலவற்றுக்குச் சுவரிலிருந்த படங்களைக் கழற்ற நேரம் இருக்கவில்லை. இறந்தவருக்கு எஞ்சியது சில வேளைகளில் அடையாள அட்டையின் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றே. ஸ்ரூடியோக்காரர் அதனைப் பெரிதாக்கி, தலைமயிரின் ஓரத்தைச் சிறிது சிறிதாக ஒளிபுகவிட்டு, மனைவியின் அருகே கணவரை இருத்துகிறார். அவர்கள் சேர்ந்தெடுத்த படம் வேறில்லை.

கறுப்பு வெள்ளையில் திருப்புதற்குச் சாயலே கிடையாது. தானே நிறமூட்டும் செயலிகள் இன்று உள. அவை ஊகிப்பவை, கண்டவை அல்ல. ஆகவே சேலை என்ன நிறம், சட்டை என்ன நிறம் என்று வீட்டாரையே கேட்க வேண்டியிருக்கிறது. அக்கா ஒன்று சொல்ல, தங்கை வேறொன்று சொல்லுவதும் உண்டு. வரலாறு கற்கும் மாணவருக்கு நான் கூறுவது இது: அட்டைப் படத்தைத் தொடாமல் ஒரு பிரதி வேறாக வையுங்கள். பொருத்திய படத்தின் பின்புறத்தில், இது பொருத்தியது என்றும், இன்ன வருடம் செய்தது என்றும், நிறம் சொன்னவர் இன்னார் என்றும் பேனாவால் எழுதிவிடுங்கள்.