இரவெல்லாம் ஊறும் காப்பி

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக் கிராமங்களில் நம் பாட்டனார் காலத்தில் விடியற்காலையில் அருந்தியது காப்பியன்று, நீராகாரம். இரவு மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி, மண் பானையில் மூடி வைப்பார்கள். பொழுது விடியும்போது அந்த நீர் லேசாகப் புளித்திருக்கும். ஓர் உப்புக் கல்லைப் போட்டுக் குடித்துவிட்டு ஏர் பூட்டப் போவார்கள். இந்த நீராகாரத்தின் இடத்தைத்தான் காப்பி பிடித்துக்கொண்டது. இப்போதோ, காப்பித்தூளையே இரவெல்லாம் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் வடிகட்டிக் குடிக்கும் வழக்கம் 'கோல்ட் ப்ரூ' என்ற பெயரில் நம் வீடுகளுக்குள் நுழைந்திருக்கிறது. அடுப்பு மூட்டாமல் காப்பியா என்று வியப்பவர் பலர். இதன் வரலாற்றையும் இதிலுள்ள விஞ்ஞானத்தையும் சற்றுக் காண்போம்.

காப்பி விதையைப் பதினேழாம் நூற்றாண்டில் பாபா புதன் என்னும் பெரியவர் அரபு நாட்டிலிருந்து கொண்டுவந்து சிக்மகளூர் மலையில் விதைத்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. ஏற்காட்டு மலையில் 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பிச் செடியை அறிமுகப்படுத்தினார். ஆனால் மலையில் விளைந்த காப்பி பெரும்பாலும் கப்பலேறிப் போயிற்று. சமவெளியில் அது அன்றாடப் பானமானது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில்தான். இதற்கு ரயிலும் ஒரு துணை. 1870-களில் சென்னையிலிருந்து தெற்கே சென்ற இருப்புப்பாதை திண்டிவனத்தையும் விழுப்புரத்தையும் தொட்டது. 1879-இல் விழுப்புரத்திலிருந்து பிரெஞ்சுப் பாண்டிச்சேரிக்குக் கிளைப் பாதை போடப்பட்டது. விழுப்புரம் பெரிய ஜங்ஷன் ஆயிற்று.

ரயிலோடு காப்பி மட்டும் வரவில்லை. நகரங்களில் 'பிராமணாள் காப்பி கிளப்' என்று பலகைகள் தொங்கின. ரயில்வே சிற்றுண்டிச்சாலைகளிலும் பிராமணருக்கு ஓரிடம், மற்றவருக்கு ஓரிடம் என்று இருந்தது. பெரியாரும் அவர் இயக்கத்தாரும் இதை எதிர்த்துப் போராடினர். 1941-இல் அந்தப் பாகுபாடு நீக்கப்பட்டது. கிராமத்துத் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை அதற்குப் பின்னும் நெடுநாள் நீடித்தது. நீராகாரத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. அதை யாரும் கடை வைத்து விற்கவில்லையே!

இனி நம் வீட்டுப் பில்டரைப் பாருங்கள். மேல் பாத்திரத்தின் அடியில் நுண்ணிய துளைகள். அதில் தூளைப் போட்டு வெந்நீர் ஊற்றினால், டிகாக்ஷன் சொட்டுச் சொட்டாகக் கீழ்ப் பாத்திரத்தில் இறங்குகிறது. பிரான்சு நாட்டில் 1800-ஐ ஒட்டி டி பெல்லுவா என்பவரின் பெயரால் வழங்கிய காப்பிப் பாத்திரமும் ஏறக்குறைய இதே அமைப்புடையதுதான். தண்ணீரின் உஷ்ணம் தூளிலுள்ள சத்துக்களை விரைவில் கரைக்கிறது. நிதானமான சொட்டு அதைத் திண்ணிய சாறாக்குகிறது. அவசரப்பட்டு மேல்தட்டில் கரண்டியால் தட்டுபவர்களுக்கு நல்ல டிகாக்ஷன் கிடைப்பதில்லை!

டிகாக்ஷனைச் சாறாக எடுத்து வைத்துக்கொண்டு வேண்டும்போது கலந்து குடிப்பது மேல்நாட்டிலும் நடந்திருக்கிறது. 1876-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 'கேம்ப் காப்பி' என்ற புட்டிச் சாறு தயாராயிற்று. காப்பியும் சிக்கரியும் சர்க்கரையும் சேர்ந்தது அது. ஜப்பானின் கியோட்டோ நகரில், உயரமான கண்ணாடிக் குழாய்களிலிருந்து குளிர்ந்த நீரைத் துளித்துளியாகத் தூளின் மேல் விழச்செய்து, பல மணி நேரத்தில் காப்பி எடுக்கிறார்கள். அதற்கு அங்கே 'டச்சுக் காப்பி' என்று பெயர். அமெரிக்காவில் டாட் சிம்சன் 1964-இல் வீட்டில் பயன்படுத்தத் தக்க ஊறல் சாதனம் ஒன்றை உருவாக்கினார். இவருக்கு வேதிப் பொறியியல் பயிற்சி உண்டு.

வெந்நீர் இல்லாமல் காப்பி இறங்குமா? காப்பியின் சுறுசுறுப்புக்குக் காரணமான காபீனை 1819-இல் ஜெர்மானிய ரசாயனி ரூங்கே பிரித்தெடுத்தார். இது 25 டிகிரி சென்டிகிரேடில் 100 மில்லி லிட்டர் நீரில் சுமார் 2 கிராம் கரையும். 80 டிகிரியில் சுமார் 18 கிராம் கரையும். வித்தியாசம் பெரிதுதான். ஆனால் ஒரு கணக்குப் போடுங்கள். 100 கிராம் அரபிக்கா தூளில் இருக்கும் காபீனே ஏறத்தாழ 1.2 கிராம். ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீரோ 20 கிராமைத் தாங்கும்! ஆகவே கரையும் அளவு இங்கே தடையன்று. கரைந்த பொருள் தூளின் உள்ளிருந்து வெளியே வந்து பரவும் வேகம்தான் தடை. உஷ்ணம் நிமிடங்களில் முடிப்பதைக் குளிர்ந்த நீர் பன்னிரண்டு மணி நேரத்தில் முடிக்கிறது. 2024-இல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், செவிக்கு எட்டாத ஒலி அலைகளைச் செலுத்தி இதை மூன்று நிமிடத்துக்குள் செய்து காட்டினர்.

பச்சைத் தண்ணீர்க் காப்பியில் புளிப்பே இல்லை என்ற பேச்சை அப்படியே நம்ப வேண்டாம். 2018-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ராவ், புல்லர் இருவரும் இதை அளந்தனர். புளிப்பைக் காட்டும் பி.எச். எண் இருவகைக் காப்பியிலும் ஏறக்குறைய ஒன்றே: 4.85 முதல் 5.13 வரை. மொத்த அமிலத்தின் அளவுதான் வெந்நீர்க் காப்பியில் கூடுதலாக இருந்தது.

இந்த எண்ணில்தான் நமக்கு ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. பி.எச். எண் குறையக் குறையப் புளிப்பு மிகும். 4.6-க்கு மேலுள்ள உணவில் கொடிய நஞ்சை உண்டாக்கும் சில கிருமிகள் வளர இடமுண்டு என்பது உணவு விஞ்ஞானிகள் வைத்திருக்கும் எல்லைக்கோடு. நீராகாரத்தில் லாக்டிக் அமில நுண்ணுயிர்கள் பெருகிப் புளிப்பை ஏற்றி, பிற கிருமிகளை அடக்கிவிடுகின்றன. காப்பிக்கு அத்தகைய காவலாளி கிடையாது. மேல்நாட்டுக் குறிப்புகள் 'அறை உஷ்ணத்தில் ஊறவையுங்கள்' என்கின்றன. அவர்களுடைய அறை 20 டிகிரி. சித்திரை, வைகாசியில் விழுப்புரத்து அறை 35 டிகிரி! மண் பானையும் முழுத் துணையாகாது. நீர் ஆவியாவதால் அது குளிர்கிறது. கடற்காற்றின் ஈரம் மிகுந்த இரவுகளில் ஆவியாதல் குறைவு. திண்டிவனத்தில் ஒரு மே மாதம், வடித்த சாறை இரண்டு நாள் வெளியே வைத்துவிட்டு மூடியைத் திறந்தேன். புளித்த வாடை முகத்தில் அடித்தது. புளியங்காடு என்ற பொருளில் ஊருக்குப் பெயர் வந்ததாகச் சொல்வார்கள். என் காப்பியும் ஊருக்கு ஏற்றாற்போல் ஆகிவிட்டது.

ஆகையால் இதைக் குளிர்பதனப் பெட்டியில்தான் செய்ய வேண்டும். சிக்கரி கலவாத தூளை ரவைப் பதத்தில் அரைத்துத் தரச் சொல்லுங்கள். பில்டருக்கு அரைக்கும் மென்தூள் துணியில் அடைத்துக்கொண்டு கசடாக இறங்கும். சிக்கரியில் காபீன் கிடையாது. எளிதில் கரைந்து நிறத்தையும் கசப்பையும் மட்டும் கூட்டும். நம் நாட்டுச் சட்டம் கலவைத்தூளில் 49 சதவீதம் வரை சிக்கரியை அனுமதிப்பதால் பொட்டலத்தின் மேலுள்ள எழுத்தைப் படித்து வாங்குவது நல்லது. 100 கிராம் தூளுக்கு, காய்ச்சி ஆறவைத்த நீர் ஒரு லிட்டர். கொதிநீரில் கழுவிய கண்ணாடிப் பாத்திரத்தில் கலந்து மூடி, பெட்டிக்குள் 16 மணி நேரம் வையுங்கள். பிறகு கொதிக்கவைத்துப் பிழிந்த வெள்ளைத் துணியில் வடியுங்கள்; பிழிந்து எடுக்காதீர்கள், தானாகச் சொட்டட்டும். சாறு ஒரு பங்குக்குத் தண்ணீரோ காய்ச்சி ஆறிய பாலோ ஒரு பங்கு சேர்க்கலாம். மிச்சத்தைப் பெட்டிக்குள்ளேயே வைத்திருந்து, இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிடுங்கள். நடுவில் மின்சாரம் நெடுநேரம் நின்றுபோனால், தயங்காமல் கீழே ஊற்றிவிட்டு, அன்றைக்குப் பழைய பில்டரிலேயே வெந்நீரை ஊற்றுங்கள்.