நரி முகத்துல முழிச்சிருக்கீங்களா?

ஆபீஸ் வேலையா அரிசோனா பக்கம் எட்டு மாசம் குப்பை கொட்டினப்போ, அபார்ட்மென்ட் பார்க்கிங்லயே ஒரு கயோட்டியைப் பார்த்தேன். ஏதோ சாதனை பண்ணின மாதிரி ஊருக்குப் போன் போட்டு அப்பத்தாகிட்ட அளந்தேன். "இதைப் பாக்கவாய்யா ஏரோப்ளேன் ஏறிப் போன? நம்ம கம்மாக்கரையில ராவெல்லாம் ஊளையிட்ட சாதிதான அது"ன்னு ஒரே போடு. இப்பவும் கேக்குதான்னு கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "கேட்டு வருசமாச்சுய்யா."

அன்னைக்கு ஆரம்பிச்ச கிறுக்கு இது.

முதல்ல ஒரு பெயர்க்குழப்பத்தைத் தீர்த்துடலாம். ஈசாப் கதையில திராட்சைக்கு எம்பின 'பாக்ஸ்' வேற, நம்மூர்ல ஊளையிடற நரி வேற. நம்ம நரி 'ஜக்கால்'. 1758-லயே லின்னேயஸ் பேரு வச்ச மிருகம், கயோட்டிக்கும் ஓநாய்க்கும் பங்காளி. பஞ்சதந்திரத்துல வர்ற கரடகன், தமனகன் ரெண்டு பேரும் இந்த சாதிதான். நிஜ 'பாக்ஸ்' ரெண்டு மூணு கிலோதான் இருக்கும், பொட்டல் காட்டுல குழி தோண்டிக் குடியிருக்கும். அதைக் குழிநரிங்கறவங்களும் உண்டு, குள்ளநரிங்கறவங்களும் உண்டு. பள்ளிக்கூடத்துல ரெண்டையும் ஒண்ணாக்கிட்டாங்க.

நம்ம ஆளுங்க நரியை சும்மா விட்டதே இல்லை. சங்கப் பாட்டுல போர்க்களம், சுடுகாடுன்னு வந்தா நரி ஆஜர். குதிரை வாங்கக் கொடுத்த பணத்தை மாணிக்கவாசகர் திருப்பெருந்துறையில கோயில் கட்டிட, சிவபெருமான் நரிகளைக் குதிரையாக்கி அரிமர்த்தன பாண்டியன்கிட்ட ஒப்படைச்ச கதை எல்லாருக்கும் தெரியும். ராத்திரியே அதுங்க திரும்ப நரியாகி லாயத்துல ஊளையிட்டுச்சாம். மதுரையில ஆவணி மூலத்துக்கு இன்னைக்கும் அந்த லீலை நடக்குது. எனக்கு அதுல பிடிச்சதே, மதுரையைச் சுத்தி ஒரு லாயத்தை ரொப்பற அளவுக்கு நரி இருந்துச்சுன்னு கதை கேட்டவங்க நம்பத் தயாரா இருந்தாங்கங்கறதுதான் :-)

எங்க மாவட்டத்துலயே நரிக்குடின்னு ஒரு ஊர் இருக்கு. சேலம் வாழப்பாடி பக்கம் பொங்கலுக்கு வங்காநரி பிடிப்பாங்க. வலை போட்டுப் பிடிச்சு, வாயைக் கட்டி, ஊர்வலமா கொண்டு வந்து கும்பிட்டுட்டு விட்டுடுவாங்க. அதோட முகத்துல முழிச்சா அதிர்ஷ்டமாம். வனத்துறை வழக்குப் போட்டு, அபராதம் விதிச்சுப் பார்த்தும் அந்த வழக்கம் லேசுல விடலை.

வெள்ளைக்காரன் கதை வேற. இங்கிலாந்துல நரி வேட்டையாடிப் பழகினவனுக்கு ஊட்டியில அந்த 'பாக்ஸ்' கிடைக்கலை. இருக்கவே இருக்கு நம்மூர் ஜக்கால்னு, சீமையிலிருந்து வேட்டைநாயை வரவழைச்சு வென்லாக் புல்வெளியில குதிரையில துரத்தினான். இன்னொரு பக்கம், சென்னை ராணுவத்துல டாக்டரா இருந்த ஜெர்டன், 1867-ல இந்தியப் பாலூட்டிகள் பத்திப் பெரிய புத்தகமே போட்டார். ஒருத்தன் துரத்தினான், ஒருத்தர் எழுதி வச்சார்.

அப்புறம் எங்க கரிசக்காடு மாறினது. 1922-ல கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கத்துக்கிட்டு வந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் அடுத்த வருஷம் சிவகாசியில அதை ஆரம்பிச்சாங்க. பின்னாடியே பட்டாசு. மானம் பாத்த பூமிக்கு அது சோறு போட்டுச்சு, மறுக்கலை. எங்க பக்கம் 'மருந்து'ன்னு சொன்னா பாதிப் பேருக்கு வெடிமருந்துதான் ஞாபகம் வரும். ஆனா எந்த ஊர்லயும் அந்த மருந்து கள்ளத்தனமா நாட்டுவெடியாகி வயலுக்குப் போறதும் உண்டு. 2020 ஜூன்ல திருச்சி ஜீயபுரம் பக்கம் கறிக்குள்ள வெடியை மறைச்சு வச்சதைக் கடிச்சு ஒரு நரி வாய் சிதறிச் செத்துச்சு. 12 பேரைக் கைது பண்ணாங்க. பல்லு, வாலு, இல்லவே இல்லாத 'நரிக்கொம்பு'ன்னு எதுக்கெல்லாமோ நரியைக் கொல்றாங்க. 1972 சட்டப்படி அது குற்றம்.

மயில் வெள்ளாமையை அழிக்குதுன்னு புலம்பற எங்க ஊர் சம்சாரிங்களே, "முட்டையைத் தின்ன நரி இருந்தா இந்தப் பாடு உண்டா"ங்கறாங்க.

போன பொங்கலுக்குச் சித்தப்பா பையனோட கம்மாக்குப் போனேன். நரி பாக்கணும்னா மொதல்ல தரையைப் பாக்கணும். ஒத்தையடிப் பாதையில இலந்தைக்கொட்டை நிறைஞ்ச எச்சம், பக்கத்துல நாய்த்தடத்தைவிட ஒடுக்கமான கால்தடம். காத்து நம்ம முகத்துல அடிக்கற பக்கமா உக்காரணும், டார்ச் அடிக்கக்கூடாது. கிரீஸ், ஹங்கேரி பக்கமெல்லாம் பதிவு பண்ணின ஊளையை ஸ்பீக்கர்ல போட்டு, பதிலை எண்ணிக் கணக்கெடுக்கறாங்க. செல்லுல போடலாமான்னு தம்பி கேட்டான். குட்டி போடற சீசன் நெருங்கற நேரம், வேணாம்னுட்டேன்.

இருட்டப்போற நேரம். மறுகரையில ஒரு ஊளை, இழுத்து. ரெண்டு நொடி கழிச்சு எங்க பின்னாடி சீமைக்கருவேலத்துக்குள்ள இருந்து மூணு குரல். தம்பி என் கையை இறுக்கிப் பிடிச்சான். அப்புறம் கரை மேல ஒண்ணு வந்து நின்னுச்சு. பழுப்பு முதுகு, தொங்கின வாலு. பத்து நொடி இருக்கும். போயிடுச்சு.

ஓடி வந்து அப்பத்தாகிட்ட மூச்சிரைக்கச் சொன்னேன். அது வெத்தலையை மடிச்சுக்கிட்டே கேட்டது ஒண்ணுதான்: "வலமா போச்சா, இடமா போச்சா?"

அதைக் கவனிக்கவே இல்லை.