தென்மலைத் தோட்டங்களும் அடிமைக் குடும்பங்களும்

கொமரலிங்கத்தில் அமராவதிக் கரையில் நின்று தெற்கே நோக்குவார்க்கு ஆனைமலைத் தொடர் புலனாகும். அவ்வூரிலிருந்து உடுமலை, பொள்ளாச்சி வழியே மேற்கே செல்லும் நெடுவழி பாலக்காட்டுக் கணவாயை அடைகின்றது. இம்மலைகளை ஒட்டிய தோட்டங்களிலும் வயல்களிலும் அடிமைகளாய் உழைத்த குடும்பங்களை இன்று பெயர் சொல்லி அடையாளங் காண இயலுமா என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகுந்த பொருள். உடையாரைத் தேடுதல் எளிது. நிலமும் வழக்கும் வரியும் அவர் பெயரைச் சுமந்து நிற்கின்றன. அடிமையின் பெயரோ கைமாறும் பொழுதன்றி ஏட்டில் ஏறுவதில்லை.

அடிமை முறை தமிழர்க்குப் புதிதன்று. கி.பி. 1201-இல் பஞ்சக் கொடுமையால் வேளாளர் ஒருவர் தம் பெண்மக்கள் இருவருடன் தம்மைத் திருப்பாம்புரத்துக் கோயிலுக்கு 110 காசுக்கு விற்றுக்கொண்ட செய்தியைக் கல்வெட்டுக் கூறுகின்றது. சேக்கிழார் பாடிய தடுத்தாட்கொண்ட புராணத்தை மாணவர் பத்திச் சுவைக்காகப் பயில்வர். ஆவண வரலாற்றுக்காகவும் அதனைப் பயிலல் வேண்டும் என்பது நம் கருத்து. திருவெண்ணெய்நல்லூர் அவையில் முதியவர் காட்டும் ஆளோலை, பாட்டன் எழுதிக்கொடுத்தது, பேரனையும் கட்டுப்படுத்துவது. படியோலை கிழிக்கப்பட்ட பின்னும் மூல ஓலை வெளிவருகின்றது. பாட்டனாரின் வேறொரு கைச்சாத்தோடு அதனை ஒப்பிட்டு நோக்கிய பின்னரே அவையத்தார் தீர்ப்புக் கூறுகின்றனர். இறைவன் திருவிளையாட்டு என்பது ஒருபுறம் நிற்க, அடிமையோலை வழிவழியாகச் செல்லும் உரிமைப் பத்திரம் என்பதும், அதனை மெய்ப்பிக்கும் முறை ஒன்று இருந்ததென்பதும் அக்காலத்தார் நன்கறிந்த செய்திகள் என்பது இதனாற் போதரும்.

இனிக் கணவாய்க்கு அப்பாற் செல்வோம். 1800-01-இல் கொங்கு நாட்டையும் மலையாள நாட்டையும் சுற்றிவந்த பிரான்சிசு புக்கானன், தம் பயண நூலை 1807-இல் வெளியிட்டார். பாலக்காட்டுப் பகுதியில் செறுமர்களைக் கைமாற்றும் முறைகள் மூன்றென அவர் குறிக்கின்றார்: சன்மம் என்பது முழு விற்பனை, காணம் என்பது ஒற்றி, பாட்டம் என்பது ஆண்டு வாடகை. இவை நிலத்துக்கு வழங்கிய சொற்களே என்பதைச் சொல்லாராய்ச்சியாளர் நோக்குவாராக. இளம் கணவன் மனைவியர்க்கு 250 முதல் 300 பணம் வரை விலை; ஆண் ஒருவனுக்கு ஆண்டு வாடகை 8 பணம், பெண்ணுக்கு அதிற் பாதி. கணவனையும் மனைவியையும் பிரித்து விற்றல் ஆகாது என்ற வரம்பு இருந்தது. கேட்பதற்கு இஃது இரக்கமுடையது போலத் தோன்றும். ஆயின் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்தும் உடன்பிறந்தாரை ஒருவரிடமிருந்து ஒருவரையும் பிரிக்கத் தடையில்லை. ஆதலின் அடிமையின் குடும்பம் ஒரு தலைமுறைக்கு மேல் ஓர் ஏட்டில் நில்லாது. குடிவழி அறுந்தமைக்கு ஓலைகள் அழிந்தமை மட்டும் காரணமன்று. அறுப்பதையே வழக்கம் அனுமதித்திருந்தது.

தோட்ட அடிமைக்குத் தெளிவான சான்று தலைச்சேரிக்கு அண்மையிலுள்ள அஞ்சரக்கண்டி. 1797-இல் கிழக்கிந்தியக் கும்பினி மிளகு, பட்டை முதலியன பயிரிட அங்கே தோட்டம் அமைத்தது. அதனை மேற்பார்த்த மர்டாக் பிரௌன் பின்னர்த் தாமே அதனைக் குத்தகையாகப் பெற்றார். உழைக்க ஆட்கள் விலைக்கு வாங்கப்பட்டனர். 1811-இல் வடமலபாரில் நீதிபதியாயிருந்த தாமசு பேபர் ஆராய்ந்தபோது, திருவிதாங்கூரிலிருந்து கவர்ந்து கொண்டுவரப்பட்டோர் பலர் அங்கே இருத்தல் வெளிப்பட்டது. அவருள் பிறப்பால் அடிமையல்லாத சிறுவரும் இருந்தனர். நூற்றுக்கு மேற்பட்டோர் விடுவிக்கப்பட்டனர். இவ்வழக்கின் அருமை யாதெனின், அடிமைப்பட்டாரின் ஊரும் உறவும் இங்கே கேட்டறியப்பட்டமையே. விற்பனை ஓலை விலையைக் கேட்கும். நீதிமன்றமோ, 'நீ எவ்வூர், நின் தாய் யார்' எனக் கேட்டது. இதனோடு, பின்னாளில் அவ்வட்டாரத்திற் பணிசெய்த பாசல் மிஷனாரின் ஞானஸ்நானப் பதிவேடுகளையும் சேர்த்து நோக்குதல் வேண்டும். தந்தை, தாய், பிள்ளை மூவரையும் ஒரே வரியிற் காட்டுதல் அத்தகைய ஏட்டின் இயல்பு.

பிற நாடுகளில் இப்பணி சிறிது எளிது. அமெரிக்கத் தென்மாநிலங்களில் 1850, 1860-ஆம் ஆண்டுக் குடிக்கணக்குகளில் அடிமைகளுக்கெனத் தனிப் பட்டியல் உண்டு. உடையார் பெயரின்கீழ் அடிமைகளின் அகவை, பால், நிறம் ஆகியவை காணப்படும், பெயர் பெரும்பாலும் காணப்படாது. பிரித்தானியரின் கரிபியத் தீவுகளில் அடிமைப் பதிவேடுகள் இருந்தன. 1833-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உடையார்க்கு இரண்டு கோடிப் பவுன் ஈட்டுத்தொகை ஒதுக்கப்பட்டமையின், யார் எத்தனை அடிமைகளை வைத்திருந்தார் என்பதும் எழுதப்பட்டது. கும்பினி ஆண்ட நாடுகள் அச்சட்டத்திற்கு விலக்கு. இங்கு 1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம், மனிதரை உடைமையாகக் கருதும் உரிமையை நீதிமன்றங்கள் ஏலா என்று மட்டும் கூறிற்று. 1862 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டம் அடிமை வாணிகத்தைக் குற்றமாக்கிற்று. ஈட்டுத்தொகை கொடுக்கப்படவில்லை, ஆகவே கணக்கெடுக்க வேண்டிய தேவையும் எழவில்லை. உடையார்க்குப் பணங்கொடாமை அறமே எனினும், அடிமைகளின் பெயர்ப்பட்டியல் தோன்றாமற் போனமைக்கும் அதுவே காரணமாயிற்று என்பதை மறுத்தல் அரிது.

ஆனைமலையில் வால்பாறைப் பகுதிக் காடுகள் 1890-களின் பிற்பகுதியில் கார்வர் மார்ஷ் முதலியோரால் தோட்டங்களாக்கப்பட்டபோது சட்டப்படி அடிமை எவருமிலர். சமவெளியிலிருந்து முன்பணங் கொடுத்து ஆட்களை மேஸ்திரிகள் ஏற்றிச் சென்றனர். இவரை அடிமைகள் என எழுதுதல் மேடைக்குப் பொருந்தலாம், ஆராய்ச்சிக்குப் பொருந்தாது. ஆயினும் 1859-ஆம் ஆண்டின் ஒப்பந்த மீறற் சட்டம் முன்பணம் பெற்றவன் வேலையை விட்டு நீங்குதலைத் தண்டனைக்குரியதாக்கிற்று. 1925-இல் இயற்றிய சட்டத்தாலேயே அது நீக்கப்பட்டது. 1940-களில் அங்கே மருத்துவராயிருந்த பி. எச். டேனியல் எழுதிய புதினம் 1969-இல் ஆங்கிலத்தில் வெளிவந்து, பின்னர் 'எரியும் பனிக்காடு' எனத் தமிழாக்கம் பெற்றது. புதினத்தைச் சான்றாகக் கொள்ளாது, சான்று தேடும் வழிகாட்டியாகக் கொள்க.

எனவே மாணவர் முதற்கண் தேடவேண்டியவை உடையார் வீட்டு ஓலைகளே. விலையோலை, ஒற்றியோலை, பாகப்பிரிவினை ஏடு இவற்றுள் நிலத்தின் எல்லைகளை அடுத்து ஆட்களின் பெயர் வருகின்றதா எனப் பார்த்தல் வேண்டும். ஒரே பெயர் இருபது ஆண்டு இடைவெளியில் இரண்டு ஓலைகளில் வருமாயின், இரண்டாம் ஓலையிலுள்ளவன் முதலாமவனின் பேரனாதலும் கூடும். பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கு நம் நாட்டில் உண்டு. திருநாவலூர் ஆரூரனுக்கும் அவன் பாட்டனுக்கும் பெயர் ஒன்றே.