கனவும் சுமையும்: ஹேர்சொக்கின் கானகத் திரைப்படங்களும் அமேசன் வரலாறும்

ஜேர்மானிய நெறியாளர் வேர்ணர் ஹேர்சொக் தென்னமெரிக்கக் கானகத்தைக் களமாகக் கொண்டு 'அகீரே, கடவுளின் சீற்றம்' (1972), 'பிற்ஸ்கரால்டோ' (1982) ஆகிய இரு திரைப்படங்களை உருவாக்கினார். கைகூடாத இலட்சியமொன்றினைத் துரத்திச் செல்லும் தனிமனிதனே இரண்டிலும் நாயகன். இரு பாத்திரங்களையும் ஏற்று நடித்தவர் கிளவுஸ் கின்ஸ்கி. இவற்றை வரலாற்றோடு ஒப்புநோக்குமிடத்து, அக்கனவுகளின் சுமையைத் தாங்கியோர் யாவர் என்னும் வினா எழுதல் தவிர்க்கவியலாததாகும்.

பொன்னாடாகிய எல் டொராடோவைத் தேடி 1560இல் பேருவிலிருந்து புறப்பட்ட ஸ்பானியப் படையில் இடம்பெற்றவன் லோப்பே தெ அகீரே. 1561இன் தொடக்கத்தில் படைத்தலைவன் உர்சுவா கொலையுண்டபின், அகீரே ஸ்பானிய மன்னனுக்கெதிராகக் கலகம் விளைத்தான். திரைப்படம் அவனைக் குரங்குகள் சூழ்ந்த தெப்பமொன்றில் தன்னந்தனியனாக விட்டுவிடுகின்றது. வரலாற்று அகீரேயோ கடலை அடைந்து, மார்கரிதாத் தீவைக் கைப்பற்றி, அவ்வாண்டிலேயே வெனிசுவேலாவிற் கொல்லப்பட்டான். அரசியற் கலகமொன்று திரையிலே தனிமனிதனின் சித்தப்பிரமையாகச் சுருங்கிவிட்டது எனலாம்.

இரண்டாவது திரைப்படத்தில் இம்மாற்றம் மேலும் தெளிவாகப் புலப்படுகின்றது. இதன் நாயகன் இக்கித்தோஸ் நகரில் இசைநாடக அரங்கு அமைக்க விழைபவன். அதற்கான பொருளை இறப்பரால் ஈட்டும்பொருட்டுக் கப்பலொன்றை முழுமையாகவே குன்றின்மேல் இழுப்பிக்கின்றான். இப்பாத்திரத்துக்கு மூலமாயமைந்த கார்லோஸ் பிற்ஸ்கரால்ட் (1862–1897) பேருவின் இறப்பர் வணிகன். 1894இல் அவன் நீராவிக் கப்பலொன்றைப் பகுதி பகுதியாகக் கழற்றி, இரு ஆற்றுப் படுகைகளுக்கு இடைப்பட்ட நிலத்தினூடாகப் பழங்குடி மக்களைக் கொண்டு சுமப்பித்தான். எதிர்த்து நின்ற மஷ்கோ மக்கள் பலர் கொல்லப்பட்டனர். அவன் நோக்கம் இசையன்று, இறப்பரே.

மாதிரிக் கப்பலைக் கொண்டு படமாக்க மறுத்த ஹேர்சொக், 300 தொன்னுக்கு மேற்பட்ட உண்மைக் கப்பலையே குன்றின்மேல் ஏற்றுவித்தார். இம்முறையும் அதில் ஈடுபடுத்தப்பட்டோர் பழங்குடியினரே. அதற்கு முன்னரே, 1979இல், தம் நிலத்திற் படப்பிடிப்பு நிகழ்வதை எதிர்த்த அகுவாருனா மக்கள் படக்குழுவினரின் முகாமை எரித்தனர். எனினும் திரைப்படத்தின் இறுதிப்பகுதி நுட்பமானது. கப்பலை இழுத்த மக்களே இரவில் அதன் கயிற்றை அறுத்து, நீர்ச்சுழியின் தெய்வங்களைச் சாந்திப்படுத்தும்பொருட்டு அதனை வெள்ளத்திலே விடுகின்றனர். உழைத்தோருக்கும் தமக்கெனவொரு நோக்கம் இருந்தது என்பதைத் திரைப்படம் இவ்விடத்தில் ஏற்றுக்கொள்கின்றது.

திரைப்படம் தொடங்கும் இடமாகிய மனௌஸ் நகரின் இசைநாடக அரங்கு, இறப்பர்ச் செல்வத்தால் எழுப்பப்பட்டு 1896இன் இறுதியில் திறக்கப்பட்டது. அதற்கு 20 ஆண்டுகளுக்கு முன்பே அச்செல்வத்தின் அழிவு வித்திடப்பட்டிருந்தது. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து இலண்டனுக்குக் கொண்டுசென்ற விதைகளிலிருந்து முளைத்த கன்றுகள், அவ்வாண்டிலேயே இலங்கையின் ஹெனரத்கொட தாவரத் தோட்டத்தை வந்தடைந்தன. 1913 அளவில் ஆசியத் தோட்ட இறப்பர் அமேசன் காட்டு இறப்பரை விஞ்சியது. மனௌஸ் ஒளியிழந்தது.

ஆயின் சுமை ஒழிந்துவிடவில்லை, தோள்களே மாறின. இலங்கையிலும் மலாயாவிலும் இறப்பர்த் தோட்டங்களில் அச்சுமையைத் தாங்கியோருள் தென்னிந்தியாவிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையினர். கனவு கண்டோரின் பெயர்கள் திரையிலும் நூல்களிலும் நிலைபெற்றுள்ளன. சுமந்தோரின் பெயர்களைத் தேடுதல் வரலாற்று மாணவரின் கடனாகும்.