லயமும் மனையும்

மலைநாட்டுத் தோட்டங்களிலே லயம் என்று வழங்கப்படுவது, பல அறைகளை ஒரே கூரையின் கீழ் வரிசையாக அடுக்கிய நீண்ட கட்டடமாகும். அறையைக் காம்பரா என்பர். அதன் முன்னேயுள்ள ஒடுங்கிய திண்ணையை இஸ்தோப்பு என்பர். ஓர் அறையின் அளவு ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி. சமையலும் படுக்கையும், பிள்ளைகளின் படிப்பும், மகப்பேறும் மரணமும் அந்த 120 சதுர அடிக்குள்ளேயே நிகழ்ந்தன. மூன்று தலைமுறையினர் ஒரே காம்பராவிற் காலங் கழித்த குடும்பங்கள் பல. இத்துணைச் சிறியதோர் அறை, ஒரு சமூகத்தின் நிலையான இருப்பிடமாக ஆனது எவ்வாறு?

இதற்கு விடை காண்பதற்குக் கோப்பிக் காலத்திற்குச் செல்லுதல் வேண்டும். 1830ஆம் ஆண்டுகளிலிருந்து கண்டிச் சீமையின் காடுகள் அழிக்கப்பட்டுக் கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. தமிழகத்திலிருந்து தொழிலாளர் கடல் கடந்து வந்து, மன்னாரிலிருந்து மாத்தளை வரையும் காட்டு வழியே கால்நடையாக நடந்தனர். வழியில் நோயால் மாண்டோர் பலர். கோப்பியோ பருவப் பயிர். பழம் பறிக்கும் காலத்திலேதான் அதற்குப் பெருந்தொகையான ஆட்கள் வேண்டும். அறுவடை முடிந்ததும் பெரும்பாலானோர் ஊர் திரும்பினர். எனவே, சில மாதங்கள் மழைக்கு ஒதுங்கும் இடமாகவே லயம் அமைக்கப்பட்டது. அதிற் குடும்பம் நடத்தப்படும் என்று கட்டியவர் எவரும் எண்ணவில்லை.

1869ஆம் ஆண்டிற் கோப்பிச் செடியின் இலைகளிலே நோய் தோன்றியது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குள் அக்கைத்தொழில் அழிந்துபட்டது. 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரத் தோட்டத்திலே தொடக்கி வைத்த தேயிலைப் பயிர்ச்செய்கை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலைக்குப் பருவம் இல்லை. ஆண்டு முழுவதும் கொழுந்து பறித்தல் வேண்டும். ஆகவே, ஆண்கள் மாத்திரமன்றிப் பெண்களும் பிள்ளைகளும் வந்து தோட்டங்களிலே நிலைகொண்டனர். தொழில் நிலைத்தது, மக்களும் நிலைத்தனர், லயம் மாத்திரம் தங்குமடமாகவே இருந்தது.

அந்த அறை வாடகைக்கு விடப்பட்டதுமன்று, விலைக்கு விற்கப்பட்டதுமன்று. தோட்டத்தின் பெயர்ப் பதிவிலே ஒருவருடைய பெயர் உள்ளவரைக்கும் அது அவருக்குரியது. பெயர் வெட்டப்பட்டால் அறையும் போயிற்று. துரையை எதிர்த்து ஒரு சொற் கூறுபவர், தம் மனைவி மக்களின் கூரையைப் பணயம் வைத்தே அச்சொல்லைக் கூற வேண்டியிருந்தது.

இந்நிலை நீதிமன்றம் வரை சென்ற வழக்கொன்று நினைவு கூரத்தக்கது. கேகாலைப் பகுதியிலிருந்த நேவ்ஸ்மயர் தோட்டத்தை அரசாங்கம் கிராம விஸ்தரிப்பின் பொருட்டுக் கையேற்றபோது, அங்கு வாழ்ந்த தொழிலாளர் வெளியேறுமாறு பணிக்கப்பட்டனர். அவர்கள் மறுத்தனர், 1946ஆம் ஆண்டில் வேலைநிறுத்தமும் மூண்டது. அத்துமீறி இருந்த குற்றத்திற்காகத் தொழிலாளர் தண்டிக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவருடைய மேன்முறையீடு இலண்டனிலுள்ள கோமறைக் கழகம் வரை சென்றது. வெளியேறாதிருந்தால் நில உடைமையாளருக்கு எரிச்சல் உண்டாகும் என்று ஒருவர் அறிந்திருப்பது மட்டும் போதாது. எரிச்சலூட்டுதலே அவருடைய முதன்மையான நோக்கமாக இருந்தாலன்றிக் குற்றமாகாது என்று அக்கழகம் 1950இல் தீர்ப்பளித்தது. தண்டனை நீங்கியது. ஆயினும் அத்தீர்ப்பு அவரைக் குற்றவாளியல்லர் என்றதே தவிர, அறைக்கு உரியவர் என்று கூறவில்லை.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தினால் தோட்ட மக்களுட் பெரும்பாலோர் நாடற்றோராயினர். அதனால், அரசாங்கம் பகிர்ந்தளித்த காணிகளிலும் அவர்களுக்குப் பங்கு கிட்டவில்லை. கிராமங்களிலே நிலைமை வேறாக இருந்தது. 1984ஆம் ஆண்டிற் தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத் திட்டம், சிறு கடனைக் கொடுத்து மக்களே தம் வீட்டைக் கட்டுமாறு ஊக்கியது. வறியவரும் வீடு கட்டக்கூடியதாக இருந்தமைக்குக் காரணம், நிலம் ஏற்கெனவே அவர் கையில் இருந்தமையே. காலடியில் நிலம் இல்லாதவருக்கு அத்தகைய கடன் முழுப்பயன் தருவதரிது.

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களாற் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. துரைமார் மாறினர்; லயம் நின்ற நிலம் தொழிலாளருடையதாகவில்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டமும் 2018இல் திருத்தப்படும் வரை, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைகள் பணிபுரியத் தடையாகவே இருந்தது.

2014ஆம் ஆண்டு ஒக்ரோபர் 29ஆம் நாட் காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையிலே மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. குடியிருப்பை வேறிடத்திற்கு மாற்ற வேண்டும் என்பதை அறிந்திருந்தும், சொந்த நிலம் இல்லாதோர் எங்கே போவர்?

அதன் பின்னரே ஏழு பேர்ச் காணியிலே தனி வீடு என்னும் கொள்கை வலுப்பெற்றது. இந்திய அரசின் உதவியோடு மலையகத்தில் 4,000 வீடுகள் கட்டும் திட்டம் நடைபெற்றது; 2017இல் மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. இவ்வீடு 550 சதுர அடி கொண்டது. ஏழு பேர்ச் என்பது ஏறத்தாழ 1,900 சதுர அடி. பழைய காம்பராவைப் போலப் பதினைந்து மடங்கினும் கூடியது.

எனினும், பல்லாயிரம் குடும்பங்கள் இன்றும் லயங்களிலேயே வாழ்கின்றன. அவர்களுக்கு வேண்டியவற்றுட் சுவரும் கூரையும் எளியவை. கடினமானது காணி உறுதி. உறுதி உள்ளவர் அதனை ஈடுவைத்துக் கடன் பெறலாம். மகனுக்கு மணமானால் ஓர் அறையைச் சேர்க்கலாம். முற்றத்திலே கறித்தோட்டம் போடலாம். தோட்ட வேலையை விட்டு வேறு தொழிலுக்குப் போனாலும் மாலையில் அதே வீட்டிற்குத் திரும்பலாம். இந்த நான்கும் கிராமத்தவருக்கு வழக்கமானவை. லயத்திலே வாழ்வோருக்கு அவை கைகூடும் நாளிலேதான், கோப்பிக் காலத்திற் போடப்பட்ட அந்தத் தற்காலிகக் கூரையின் வரலாறு முடிவுறும்.