புதுவை வீதிகளில் வந்தவாசி

வந்தவாசியிலிருந்து வேளாங்கண்ணிக்குச் செல்வோர் புதுவையில் பேருந்து மாறும்போது 2 மணி நேரம் கிடைத்தால், பிரெஞ்சியர் அமைத்த அந்நகரைக் காலாற நடந்து காணலாம். கடலை நோக்கிய நேர்வீதிகளும், வெள்ளையர் பகுதியைத் தமிழர் பகுதியினின்று பிரிக்கும் கால்வாயும் மிகத் தொன்மையான நகரொன்றை நினைவூட்டும். ஆயினும் நாம் காணும் கட்டடங்கள் 1761-க்குப் பின் எழுந்தவை. காரணம் நம் ஊரில் உள்ளது.

1760 சனவரி 22 அன்று வந்தவாசியில் லாலியின் பிரெஞ்சுப் படை, அயர் கூட்டின் ஆங்கிலப் படையிடம் தோற்றது. மறு ஆண்டு சனவரியில் புதுவை பணிந்தது. ஆங்கிலேயர் நகரைத் தரைமட்டமாக்கினர்.

மிஷன் வீதியில் ஜென்மராக்கினி மாதா பேராலயத்தின் முன் சற்றே நிற்போம். அங்கிருந்த இயேசு சபையாரின் பழைய ஆலயமும் அவ்வழிவில் இடிந்தது. இன்றைய ஆலயம் 1791-இல் நிறைவுற்றது. ஆனால் 1748-இல், ஆளுநர் துய்ப்ளேக்ஸ் காலத்தில், அவ்வாலயத்தை அடுத்திருந்த வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. இயேசு சபையார் அதனை வற்புறுத்தி வந்தனர். ஊரார் உற்ற துயரை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு உரைக்கிறது.

பின்னதை முன்னதற்குரிய தண்டனை என்று தீர்ப்பிட நமக்கு உரிமையில்லை. எனினும் நம் ஆலயம் இடிந்ததை மட்டும் நினைப்பது பாதி வரலாறே. அயலாரின் இழப்பையும் நினைந்து முழந்தாளிடும்போதுதான் நம் செபம் முழுமை பெறும்.