கிளைபோசேட் களைக்கொல்லி

கிளைபோசேட் உலகில் மிக அதிகமாகப் பயன்படுத்தப்படும் களைக்கொல்லி. இதன் களை கொல்லும் திறனை 1970-இல் மான்சாண்டோ நிறுவன வேதியியலாளர் ஜான் ஃபிரான்ஸ் கண்டறிந்தார். 1974-இல் ரவுண்டப் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. காப்புரிமை முடிந்தபின் பல நிறுவனங்கள் வெவ்வேறு பெயர்களில் தயாரிக்கின்றன. இந்திய உரக்கடைகளில் பெரும்பாலும் 41 சதவீதக் கரைசலாகக் கிடைக்கிறது.

இலையில் பட்ட மருந்து தண்டு வழியாக வேருக்கும் கிழங்குக்கும் இறங்கி, செடி சில அமினோ அமிலங்களைத் தயாரிக்கத் தேவையான ஒரு நொதியை முடக்குகிறது. ஒரு வாரம், பத்து நாளில் செடி மஞ்சளாகிக் காய்ந்துவிடும். கோரையும் அருகும் கையால் பிடுங்கினால் மண்ணுக்குள் மிஞ்சியதிலிருந்து மறுபடி முளைப்பவை. அவற்றை வேரோடு கருக்குவதுதான் இம்மருந்தின் கவர்ச்சி. தென்காசி மாவட்டம் சங்கரன்கோவில் போன்ற கரிசல் வட்டாரங்களில் இந்தக் கவர்ச்சி எளிதில் புரியும். ஐப்பசி மழை விழுந்ததும் மக்காச்சோளம், பருத்தி, உளுந்து எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் களை ஏறும். களையெடுக்க எல்லோருக்கும் அதே வாரத்தில் ஆள் வேண்டும். கிடைக்காதபோது களை மருந்து கைக்கு வருகிறது. இதற்காக விவசாயியைக் குற்றம் சொல்வது நியாயமாகாது.

சட்டம் சொல்வது வேறு. பூச்சிக்கொல்லிச் சட்டம் 1968-இன்படி இந்தியாவில் கிளைபோசேட்டுக்குப் பதிவு உள்ள பயிர் தேயிலை. அதைத் தவிர, பயிரில்லாத நிலங்களிலும் அடிக்கலாம். சங்கரன்கோவிலில் தேயிலை கிடையாது. ஆகவே எலுமிச்சைத் தோப்பில் மரவரிசைகளுக்கு நடுவே அடிப்பதும், பருத்தியில் செடிமேல் படாமல் மறைப்புக் குவளை வைத்து அடிப்பதும் பதிவுக்கு வெளியே நடப்பவை. அந்தப் பயிர்களுக்கான அளவோ, அறுவடைக்கு முன் விடவேண்டிய இடைவெளியோ லேபிளில் இருக்காது. ஒரு டேங்குக்கு எத்தனை மூடி என்பதைக் கடைக்காரர் வாய்ச்சொல்தான் தீர்மானிக்கிறது.

2022 அக்டோபரில் மத்திய அரசு, மனிதருக்கும் கால்நடைக்கும் தீங்கு நேரலாம் என்ற காரணத்தைச் சொல்லி, உரிமம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டாளர்கள் மட்டுமே இதைத் தெளிக்கவேண்டும் என்று அறிவிக்கை வெளியிட்டது. அத்தகைய உரிமம் பெற்றவர்கள் பெரும்பாலும் நகரத்தில் கரையான் ஒழிப்பும், கிடங்குகளில் புகைமூட்டமும் செய்பவர்கள். கரிசல் காட்டில் கூலிக்கு மருந்து அடிப்பவருக்கு இந்த அறிவிக்கை பயிற்சியும் தரவில்லை, கையுறையும் தரவில்லை. காகிதத்தில் எழுதிய பாதுகாப்பு ஆளைத் தொடவே இல்லை என்பதே இந்த ஏற்பாட்டின் பெரிய குறை.

செங்கோட்டைக் கணவாய்க்கு மேற்கே நிலைமை வேறு. திருவல்லா அருகே வயலில் பூச்சிமருந்து தெளித்த இரு தொழிலாளர்கள் இறந்ததைத் தொடர்ந்து, 2019 பிப்ரவரியில் கேரளம் கிளைபோசேட் விற்பனையையும் பயன்பாட்டையும் தடை செய்தது. 1968 சட்டத்தின் 27-ஆம் பிரிவு மாநில அரசு விதிக்கும் தற்காலிகத் தடைக்கு 60 நாள் வரம்பு வைத்திருப்பதால், மாநிலங்கள் நிரந்தரமாகத் தடுக்க நினைத்தால் விற்பனை உரிமம் போன்ற வேறு வழிகளைத் தேடவேண்டியிருக்கிறது.

புற்றுநோய் பற்றிய விவாதம் இன்னும் ஓயவில்லை. 2015 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை ‘மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்ற 2ஏ பிரிவில் வைத்தது. அதே ஆண்டு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதற்கு வாய்ப்பு குறைவு என்றது. 2023-இல் ஐரோப்பிய ஒன்றியம் அனுமதியை மேலும் 10 ஆண்டு நீட்டித்தது. அமெரிக்காவில் 54,000-க்கும் மேற்பட்ட மருந்து தெளிப்பாளர்களைத் தொடர்ந்து கவனித்து 2018-இல் வெளியான ஆய்வு, நிணநீர்ப் புற்றுநோயோடு தெளிவான தொடர்பைக் காணவில்லை. மறு ஆண்டில் வந்த தொகுப்பாய்வோ, மிக அதிகம் மருந்து பட்டவர்களுக்கு ஹாட்ஜ்கின் அல்லாத நிணநீர்ப் புற்றுநோய் அபாயம் 41 சதவீதம் கூடுதல் என்றது. முடிவுகள் வேறுபடுவதற்கு ஒரு காரணம் உண்டு. புற்றுநோய் ஆய்வு முகமை, ஒரு பொருளுக்குத் தீங்கு செய்யும் தன்மை உண்டா என்று பார்க்கிறது. ஒழுங்குமுறை ஆணையங்கள், வழக்கமான அளவில் அது நிகழுமா என்று பார்க்கின்றன. அந்த ‘வழக்கமான அளவு’ கையுறையும் முழுக்கால் காலணியும் அணிந்தவரை மனத்தில் வைத்துப் போட்ட கணக்கு. முதுகில் ஒழுகும் கைத்தெளிப்பானோடு வெறுங்காலில் நடப்பவர் அதில் இல்லை.

மருந்து படுவது தெளிப்பவர் மேல் மட்டுமல்ல. மல்லிகைத் தோட்டத்து வரப்பில் அடித்தால், ஈரம் காய்வதற்குள் பூ எடுக்க வரும் பெண்களின் கையிலும் காலிலும் படும். ஈரம் நன்றாகக் காயும்வரை அந்தப் பக்கம் யாரையும், ஆடு மாட்டையும் விடக்கூடாது. காற்றடிக்கும் வேளையில் தெளித்தால் பக்கத்துப் புஞ்சைப் பயிரும் கருகும்.

மண்ணில் கிளைபோசேட் களித்துகள்களோடு இறுக ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் கலங்கிய கண்மாய்த் தண்ணீரில் கலந்தால் வேலை செய்வதில்லை. உப்புக் கிணற்று நீரில் உள்ள கால்சியமும் அதன் வீரியத்தைக் குறைக்கும். களை சாகவில்லையே என்று அளவைக் கூட்டுவது இப்படித்தான் தொடங்குகிறது. பாதி அளவாகச் சிதைய மண்ணைப் பொறுத்துச் சில நாள்களும் ஆகலாம், சில மாதங்களும் ஆகலாம். பெருமழை மேல்மண்ணை அரித்தால் மருந்தும் அதனோடு ஓடையிலும் குளத்திலும் சேரும். இலையில் ஒட்டுவதற்காகச் சில தயாரிப்புகளில் சேர்க்கப்படும் பி.ஓ.இ.ஏ. என்ற ஒட்டுப்பொருள் மீனுக்கும் தவளைக்குஞ்சுக்கும் கிளைபோசேட்டைவிடக் கொடியது. கிளைபோசேட் மருந்துகளில் அதைச் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் 2016-இல் தடை விதித்தது.

இலங்கை அனுபவம் கவனிக்கத்தக்கது. வடமத்திய மாகாண உழவர்களைத் தாக்கும், காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய்க்குக் கிளைபோசேட்டும் கடின நீரும் காரணமாகலாம் என்ற கருதுகோள் 2014-இல் வெளியானது. 2015-இல் அரசு முழுத் தடை விதித்தது. மாற்று ஏற்பாடு செய்யாமல் விதித்ததால் தேயிலைத் தோட்டங்கள் களையில் திணறின. 2018-இல் தேயிலைக்கும் ரப்பருக்கும் தளர்த்தி, 2022-இல் தடையை முற்றாக விலக்கினார்கள். அந்தக் கருதுகோள் இன்றுவரை நிரூபணமாகவில்லை.

கோரைக்கு மருந்தில்லாத வழியும் உண்டு. கோடையில் ஆழ உழுது கிழங்குகளை வெயிலில் காயவிடுவதும், தோப்பில் மூடாக்குப் போடுவதும், வரிசைப் பயிரில் பவர் வீடர் ஓட்டுவதும் களையைப் பெருமளவு அடக்கும். மருந்து அடித்தே ஆகவேண்டுமென்றால் அதற்கென்று தனித் தெளிப்பான் வைத்துக்கொள்ளவேண்டும். டேங்கில் தங்கிய மிச்சம், அடுத்த முறை பூச்சி மருந்தோடு சேர்ந்து பயிரைக் கருக்கிவிடும்.

விஷ முறிவு விஷயத்தில் ஒன்று முக்கியம். கடையில் ‘களை மருந்து’ என்று கேட்டால் கிளைபோசேட்டும் கிடைக்கும், பாராகுவாட்டும் கிடைக்கும். கிளைபோசேட் உள்ளே போனவர்களில் இறந்தவர்கள், இலங்கை மருத்துவமனைகளில் நடந்த ஆய்வில் சுமார் 3 சதவீதம். பாராகுவாட்டுக்கோ முறிவு மருந்தே இல்லை. அது நுரையீரலைச் சிதைக்கும், மூச்சுத் திணறலுக்கு வழக்கமாகக் கொடுக்கும் ஆக்சிஜன்கூட அதில் கேட்டைக் கூட்டும். எனவே மருந்து உள்ளே போனவரை வாந்தி எடுக்க வைக்காமல், பாட்டிலை லேபிளோடு எடுத்துக்கொண்டு உடனே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போகவேண்டும். எந்த மருந்து என்று தெரிந்தால்தான் மருத்துவர் சரியான சிகிச்சையைத் தொடங்க முடியும்.